மோரோ என்ற பெயர்: சக்காத்தேக்காஸ் நகரத்தில் மூன்று நாட்கள்

மொன்தெரெய் நகரத்துப் பஸ் நிலையத்தில் நின்றபோது மச்சான் என் தோளைத் தட்டி, புறப்படத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸின் நெற்றிப் பலகையைக் காட்டினார். மாத்தாமோரோஸ் என்று எழுதியிருந்தது.

"மச்சான், இதுக்குக் கருத்துத் தெரியுமா? மாத்தா என்டா கொல்லுறது. மோரோஸ் என்டா நாமதான்."

அவர் என் மனைவியின் தம்பி. மெக்சிக்கோவின் வடக்கே உள்ள அந்த நகரத்தில் ஆறு வருடமாகப் பொறியியலாளராக வேலை செய்கிறார். ஸ்பானிய மொழி தண்ணீர்பட்டபாடு, பகிடியும் அப்படித்தான். மெக்சிக்கோவின் சுதந்திரப் போரில் உயிர்நீத்த மரியானோ மாத்தாமோரோஸ் என்ற பாதிரியாரின் ஞாபகமாகவே அந்த ஊருக்கு அப்பெயர் வந்தது என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். ஆனால் அந்தக் குடும்பப் பெயரின் கருத்து மச்சான் சொன்னதுதான். ஸ்பானியர் போர்க்களத்தில் கூவி அழைத்த புனித யாகப்பருக்கு 'சந்தியாகோ மாத்தாமோரோஸ்', அதாவது மூர்களைக் கொன்ற யாகப்பர், என்று ஒரு பட்டமே உண்டு. 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் பாடிய சந்தியோகுமையோர் அம்மானையின் நாயகரும் இதே யாகப்பர்தான் என்பது ஈழத்து இலக்கிய வரலாறு படித்தவர்களுக்கு ஞாபகம் வரும்.

நான் சிரித்தேன். என்றாலும் கைப்பைக்குள் இருந்த ஒரு கடதாசி மனதில் வந்துபோனது. விசாவுக்காக மொழிபெயர்த்து எடுத்த என் பிறப்புச் சான்றிதழ். அதில் இனம் என்ற இடத்தில் 'ஸ்ரீ லங்கன் மூர்' என்று இருக்கிறது.

நாங்கள் ஏறியது வேறு பஸ். ஓகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு போயிருந்த எனக்கு ஒரு பழைய ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்ற ஆசை. மச்சான் சக்காத்தேக்காஸ் என்னும் வெள்ளிச் சுரங்க நகரத்தைத் தெரிவுசெய்தார். ஓகஸ்ட் கடைசிக் கிழமையையும் அவரே தெரிவுசெய்தார். அந்தக் கிழமையில் அங்கே 'மொரிஸ்மா' நடக்கும். ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் மூர்களாகவும் கிறிஸ்தவர்களாகவும் வேடம் பூண்டு நகரத்துக்கு வெளியே ஒரு மலைச்சரிவில் நாட்கணக்காகப் போர் செய்வார்கள். "ஒங்களப் போல ஆக்கள் நெறய வருவாங்க" என்று மட்டும் எனக்குச் சொல்லிவைத்திருந்தார்.

சல்தீயோவைத் தாண்டியதும் பாதை சிவாவாப் பாலைவனத்தின் தென்பகுதிக்குள் இறங்குகிறது. பாலைவனம் என்றதும் நம் மனதில் வருவது அரபு நாட்டு மணல்மேடு. இங்கே மணல் இல்லை. வெளுத்த வெட்டவெளி, முழங்காலளவு கரும்பச்சைப் பற்றைகள், கையை விரித்து நிற்கும் மனிதர்களைப் போல யுக்கா மரங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் நாகதாளி. ஹம்பாந்தோட்டைப் பக்கம் வெளிகளில் மண்டிக் கிடக்கிறதே, அந்த நாகதாளியின் தாயகம் இந்தக் கண்டம்தான். நாம் முள்ளென்று ஒதுக்குவதை இவர்கள் கறியாக்குகிறார்கள். பழத்தைத் தோலுரித்து வாளியில் வைத்து வீதியில் விற்கிறார்கள். பழச்சாற்றைக் காய்ச்சி இறுக்கி, பனங்கட்டி நிறத்தில் 'கேசோ தெ தூனா' என்று ஓர் இனிப்பும் செய்கிறார்கள். பன்றி இறைச்சிக்குப் பயந்து சாப்பாட்டுக் கடைகளில் அவரைக்கறியோடும் வெண்ணெய்க்கட்டியோடும் காலம் தள்ளிய எனக்கு மூன்று நாளும் அந்த இனிப்புத்தான் கைகொடுத்தது.

ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி, பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். நகரம் ஏறக்குறைய 2400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் பிதுருதலாகலை உச்சியை விடக் கொஞ்சம்தான் குறைவு. படியேறினால் மூச்சு வாங்கும். ஓர் ஒடுங்கிய பள்ளத்தாக்குக்குள் ரோஜா நிறக் கல்லால் கட்டிய வீடுகளும் தேவாலயங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. மேலே லா புஃபா என்ற மொட்டைப் பாறை மலை. 1993இல் யுனெஸ்கோ இந்த நகரத்தின் பழைய பகுதியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சக்காத்தேக்காஸ் என்பது ஒரு பழங்குடியின் பெயர். நாவாட்ல் மொழியில் 'சக்காத்ல்' என்றால் புல். புல்வெளி மனிதர் என்று பொருள்படும். புல் இருந்த இடம் எப்படி இப்படி ஆனது என்ற கேள்வி எனக்கு முதல் நாளே வந்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலை என்று ஒரு வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் சொல்லும் செய்தி. வகுப்பில் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். கோடை வெயிலால் திரிவதைத்தான் அந்நூல் சொல்கிறது. இங்கே திரித்தது வெயில் மட்டுமல்ல.

1546 செப்டெம்பர் 8ஆம் திகதி ஹுவான் தெ தொலோசா என்ற பாஸ்க் இனத்து ஸ்பானியர் லா புஃபா மலையடியில் வந்து பாளயம் இறங்கினார். அவ்விடத்து மக்கள் அவருக்குக் கொடுத்த கற்களில் வெள்ளி இருந்தது. இரண்டு வருடத்துக்குள் அங்கே குடியேற்றம் உறுதியாகிவிட்டது. ஸ்பானியப் பேரரசின் பெரும் வெள்ளிச் சுரங்கங்களில் ஒன்றாகச் சக்காத்தேக்காஸ் மாறியது. தொலோசா மணம் முடித்தது மெக்சிக்கோவைக் கைப்பற்றிய ஹெர்னான் கோர்த்தேஸுக்கும் மொக்தெசூமா மன்னனின் மகளுக்கும் பிறந்த லெயோனோரை. பணம் எந்தக் குடும்பங்களுக்குள் சுற்றியது என்பதற்கு இது ஒன்றே போதும்.

முதலில் வெள்ளியை உலையில் உருக்கினார்கள். உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். 1600களின் தொடக்கத்தில் இப்பகுதியைச் சுற்றிப் பார்த்து எழுதிய ஆயர் அலொன்சோ தெ லா மோத்தா இ எஸ்கோபார், சுரங்கம் கண்டுபிடித்த காலத்தில் இங்கு மரங்கள் நிறைந்திருந்தன, உலைக்கு வெட்டி எல்லாம் தீர்ந்துவிட்டது, சிறு காட்டுப்பனைகள் மட்டும் மிச்சம் என்று பதிவுசெய்திருக்கிறார். வெள்ளி கண்டு அறுபது வருடம்கூட ஆகவில்லை. கேபிள் காரில் லா புஃபாவுக்குப் போகும்போது கீழே தெரியும் மொட்டைக் குன்றுகளைப் படம் பிடிக்காத உல்லாசப் பயணி இல்லை. நானும் பிடித்தேன்.

மரம் குறைந்த இடத்தில் பாதரசம் கைகொடுத்தது. 1554 அளவில் பார்த்தொலோமே தெ மெதீனா என்பவர் பச்சூக்கா என்ற இன்னொரு சுரங்க ஊரில் ஒரு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கல்லை மாவாக அரைத்து, முற்றத்தில் பரப்பி, உப்பும் செம்புச் சேர்க்கையும் தண்ணீரும் பாதரசமும் கலந்து பல கிழமை விட்டுவிடுவது. வெள்ளி பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி வெள்ளி தங்கும். பாதரசம் பெரும்பாலும் ஸ்பெயினின் அல்மாதேன் சுரங்கத்திலிருந்து கடல் கடந்து வந்தது. அதன் விற்பனை அரசனின் தனியுரிமை.

அல்மாதேன் என்ற பெயரைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பாருங்கள். அல்-மஃதின், சுரங்கம். பாதரசத்துக்கு ஸ்பானியச் சொல் 'அசோகே'. அது அரபு அஸ்-ஸாவூக். பெறுமதி அளக்கும் 'கிலாத்தே' நம் கீராத். நிறுக்கும் 'கின்தால்', குர்ஆன் ஓதும் எல்லோருக்கும் தெரிந்த கின்தார். 'அர்ரோபா' என்ற நிறை அர்-ருப்உ, கால்பங்கு. கல் அரைக்கும் செக்கு 'தவோனா', தாஹூனா. கல் கட்டும் மேசன் 'அல்பாஞில்', அல்-பன்னா. தண்ணீர்ப் பக்கம் போனால் இன்னும் இருக்கிறது. வாய்க்கால் 'அசேக்கியா', நீர்த்தொட்டி 'அல்ஹீபே', நீர் இறைக்கும் சக்கரம் 'நோரியா'. எல்லாம் அரபு. மழை குறைந்த ஊரில் தண்ணீரைப் பற்றிக் கதைக்க வேண்டுமென்றால் அந்தலூசியாவின் சொல் இல்லாமல் முடியாது என்று தோன்றியது.

நம்மவர் எழுதும் கட்டுரைகளில் 'இதுவும் முஸ்லிம்கள் தந்ததே' என்ற பட்டியல் அடிக்கடி வரும். நானும் இப்போது ஒன்று போட்டுவிட்டேன். பாதரசத்தைக் கொண்டு பொன்னைப் பிரிக்கும் வழியை அல்-பிரூனி எழுதிவைத்திருக்கிறார் என்பதையும் சேர்க்கலாம். ஆனால் அந்தப் பாதரச ஆவியை உள்ளிழுத்து நோயில் விழுந்தவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் பட்டியலை முடிக்கக் கூடாது. சுரங்கத்திலும் முற்றத்திலும் வேலை செய்தவர்கள் பழங்குடிகள், கலப்பினத்தவர், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். கழிவில் போன பாதரசமும் ஈயமும் பக்கத்து ஊரான குவாதலூப்பேயின் குளத்துச் சேற்றில் இன்றைக்கும் கிடக்கின்றன.

எல் எதேன் சுரங்கத்துக்குள் ஒரு சின்ன ரெயிலில் ஏற்றிப் போகிறார்கள். 1586இல் தோண்டத் தொடங்கி 1960கள் வரை வேலை நடந்த இடம். தலையில் பிளாஸ்டிக் தொப்பி, கையில் ரிக்கற். எதேன் என்றால் ஏதேன் தோட்டம், நாம் அத்ன் என்று சொல்லும் சுவர்க்கம். உள்ளே இருட்டில் தொங்குபாலத்தில் நின்று கீழே பார்த்தால் தண்ணீர் நிறைந்த பாதாளம் தெரிகிறது. இதற்குச் சுவர்க்கம் என்று பெயர் வைத்தவன் உள்ளே இறங்கியிருக்க மாட்டான். இதே சுரங்கத்துக்குள் இரவு நடன விடுதியும் நடத்தியிருக்கிறார்கள் என்றார் மச்சான். அதைக் கேட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேராலயத்தின் முகப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதலாம். 1730க்கும் 1760க்கும் இடையில் கட்டியது. யேசுவும் பன்னிரண்டு சீடர்களும் திராட்சைக் கொடிகளுமாக, கையளவு இடம்கூட வெறுமையாக விடாமல் ரோஜாக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். 1914 ஜூன் 23இல் பன்சோ வியாவின் படை அரச படையை முறியடித்த போரும் இந்த நகரத்தில்தான் நடந்தது. லா புஃபா உச்சியில் குதிரைச் சிலைகளும் நூதனசாலையும் இருக்கின்றன. இவை எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்கும்.

என்னை உறுத்தியது பெயர்ப் பிரச்சினை. வெள்ளி கிடைத்ததும் வடக்கே கூட்டம் கூட்டமாக வந்த ஸ்பானியரைப் பழங்குடிகள் எதிர்த்தார்கள். 1550 முதல் ஏறத்தாழ நாற்பது வருடம் நடந்த அந்தப் போரை வரலாறு 'சிச்சிமேக்காப் போர்' என்கிறது. சிச்சிமேக்கா என்று ஓர் இனம் இருக்கவில்லை. சக்காத்தேக்கோ, குவாச்சிச்சில், குவாமாரே, பாமே என்று வெவ்வேறு மொழி பேசிய வெவ்வேறு மக்கள் இருந்தார்கள். தெற்கே நகரம் கட்டி வாழ்ந்த நாவாட்ல் பேசுவோர், வடக்கே அலைந்து திரிந்த எல்லோரையும் கொஞ்சம் இளக்காரமாகச் சேர்த்து அழைத்த பெயர் அது. ஸ்பானியர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். ஆயுதத்தால் அந்தப் போர் முடியவில்லை. உணவும் துணியும் கொடுத்து, அவ்வூரிலேயே ஸ்பானியத் தந்தைக்கும் பழங்குடித் தாய்க்கும் பிறந்த மிகேல் கால்தேரா என்ற தளபதியைத் தூது அனுப்பி, 1590 அளவில் சமாதானத்தை விலைக்கு வாங்கினார்கள். அந்த மக்களில் பலர் காலப்போக்கில் மற்றவர்களோடு கலந்து தம் மொழியை இழந்தார்கள். 'புல்வெளி மனிதர்' இப்போது பஸ் பலகையில் ஊர்ப் பெயராக மட்டும் ஓடுகிறார்கள்.

ஸ்பானியர் கையோடு கொண்டுவந்த பெயர் இன்னொன்று, மோரோ. அது இலத்தீனின் மௌருஸ். வட ஆபிரிக்காவின் ஒரு பகுதி மக்களைக் குறித்த சொல், ஸ்பெயினில் முஸ்லிம் என்றால் எவருக்கும் பொதுப்பெயராயிற்று. 1492இல் கிரனாடா விழுந்த பிறகு அந்தச் சொல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மெக்சிக்கோவில் முதன்முதலாகக் கோயில்களைக் கண்ட கோர்த்தேஸ் தன் மன்னனுக்கு எழுதிய கடிதத்தில் அவற்றைப் 'பள்ளிவாசல்கள்' என்றே எழுதுகிறார். சொலூலா நகரத்தில் உயரத்தில் ஏறி நின்று நானூறுக்கு மேற்பட்ட கோபுரங்களை எண்ணினாராம், எல்லாம் பள்ளிவாசல்களாம். பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களைக் கண்டார்கள், மோரோ. 1505க்குப் பிறகு போர்த்துக்கேயர் நம் கரையில் வணிகம் செய்த சோனகரைக் கண்டார்கள், மௌரோ. அந்தப் பெயர் ஒல்லாந்தர் கைக்கு மாறி, ஆங்கிலேயர் கைக்கு மாறி, குடிசனமதிப்பில் ஏறி, கடைசியில் என் பிறப்புச் சான்றிதழில் வந்து உட்கார்ந்துவிட்டது.

தமிழில் நமக்குச் சோனகர் என்ற பெயர் அதற்கு முன்பே இருந்தது. நன்னூலுக்கு மயிலைநாதர் எழுதிய உரையில் வரும் மொழிப் பட்டியலில் சோனகமும் உண்டு. 1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நம் இனத்துவம் பற்றி வாசித்த கட்டுரையும், 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பும் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லாதவை. ஒன்றை மட்டும் கவனித்தேன். அந்த விவாதத்தில் இருவருமே 'மூர்' என்ற அந்நியர் வைத்த பெயருக்குள் நின்றுதான் வாதாடினார்கள்.

சக்காத்தேக்காஸில் எனக்கு ஒரு புதுத் தகவல் பிடிபட்டது. புதுத் தகவல் என்றால் எனக்குப் புதிது. அந்த நகரத்தின் சின்னத்தைப் பழைய கட்டடம் ஒன்றில் பார்த்தேன்: லா புஃபா மலை, அதன்மேல் சிலுவை, மரியாள், கீழே நகரத்தை நிறுவிய நால்வரின் உருவம். 1588இல் அதைக் கொடுத்தவர் இரண்டாம் பிலிப் மன்னர். அதே பிலிப் 1580 முதல் போர்த்துக்கலுக்கும் மன்னர். கோட்டை இராச்சியத்தைப் போர்த்துக்கல் முடிக்கு எழுதிக்கொடுத்த தர்மபாலன் 1597இல் கொழும்பில் இறந்தபோது அந்த உரிமை போய்ச் சேர்ந்தது இந்தப் பிலிப்பிடம்தான். 1640 வரை இந்த வெள்ளிச் சுரங்கத்துக்கும் கொழும்புக் கோட்டைக்கும் ஒரே முடி. மொரிஸ்கோக்களை, அதாவது கட்டாயமாக ஞானஸ்நானம் பெற்ற ஸ்பானிய முஸ்லிம்களின் வழிவந்தவர்களை, 1609 முதல் 1614 வரை ஸ்பெயினிலிருந்து நாடு கடத்தியவர் இவருடைய மகன். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து நம் முன்னோரை வெளியேற்றி, செனரத் மன்னன் அவர்களைக் கண்டியிலும் மட்டக்களப்பிலும் குடியேற்றியபோது முடி இருந்தது பேரனின் தலையில். இரண்டையும் நான் தனித்தனி அத்தியாயங்களாகவே படித்தேன், அப்படியே படிப்பித்தும் வந்தேன்.

வெள்ளியும் அதே வழியில்தான் ஓடியது. மெக்சிக்கோ நகரத்து நாணயசாலையில் அடித்த 'ரெயால்' காசு அக்காபுல்கோவிலிருந்து மணிலாவுக்கும், லிஸ்பன் வழியாகக் கோவாவுக்கும் போய், இந்து சமுத்திரத்துத் துறைகளில் எல்லாம் மிளகுக்கும் துணிக்கும் விலையாயிற்று. நம் பிள்ளைகள் வளைகுடாவில் உழைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்களே ரியால், அந்தப் பெயர் இந்தக் காசிலிருந்து வந்ததுதான். கீராத்தைக் கொடுத்தோம், ரியாலை வாங்கிக்கொண்டோம். மொழிக்கணக்கில் மச்சானுக்கு இன்னொரு சந்தோசம். காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது "மெசா என்டா மேசை, பான் என்டா பாண், சப்பாத்தோ என்டா சப்பாத்து. பாத்தீங்களா, ஒங்களுக்கு அரைவாசி ஸ்பானிஷ் வந்திரிச்சு" என்பார். நமக்கு அவை போர்த்துக்கேயர் விட்டுப்போனவை.

சனிக்கிழமை பின்னேரம் பிராச்சோக் குன்றுக்குப் போனோம். தூரத்திலேயே பறை முழக்கமும் எக்காளமும் துவக்குச் சத்தமும் கேட்டன. வெடிமருந்து மணம். மழைக்காலமாதலால் குன்றெல்லாம் பச்சை. அந்தப் பச்சையில் வரிசை வரிசையாக மனிதர்கள். மூர்ப்படை சிவப்புத் தொப்பியும் தொளதொளத்த காற்சட்டையுமாக நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெக்சிக்கோவுக்குள் படையெடுத்து வந்த பிரெஞ்சுக்காரரின் சுவாவ் படை உடுப்பின் சாயல் அது. அந்தச் சுவாவ் உடுப்பு அல்ஜீரியாவில் பார்த்துப் பழகியது. அரபு உடுப்பு எத்தனை கை மாறி வந்திருக்கிறது பாருங்கள். கொடியில் பிறை. வயதானவர்கள், இளைஞர்கள், தகப்பனின் கையைப் பிடித்து அதே சிவப்புத் தொப்பியோடு நடந்த ஐந்து வயதுப் பிள்ளைகள்.

எனக்குக் கால் கொஞ்சம் தயங்கியது. அந்தத் தொப்பியை நான் வேறோர் இடத்தில் பார்த்தவன். 1905இல் சட்டத்தரணி எம். ஸி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு நீதிமன்றத்தில் தோன்ற முடியாதென்று பிரதம நீதியரசர் தடுத்ததையும், அதற்கு நம் சமூகம் ஒன்றுதிரண்டு எழுந்ததையும் நாம் அறிவோம். எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் தொங்கும் மூத்தவாப்பாவின் படத்திலும் அதே தொப்பி. இங்கே அது தோற்கப்போகிறவனின் அடையாளம்.

இந்த நாடகம் யோவான் ஸ்நானகரின் பெயரால் நடக்கிறது. அவர் சிரச்சேதம் செய்யப்பட்ட நாள் ஓகஸ்ட் 29. அதோடு சார்ல்மேன் மன்னனின் கதையும், 1571 ஒக்டோபர் 7இல் துருக்கிக் கடற்படை தோற்ற லெப்பாந்தோப் போரும் பின்னப்பட்டிருக்கின்றன. கடலையே காணாத, 2400 மீற்றர் உயரத்து வறண்ட மலையில் கடற்போர். கடைசி நாளில் மூர் மன்னன் அர்ஹேல் உஸ்மானின் தலையை வெட்டுவார்கள். அர்ஹேல் என்றால் அல்ஜியர்ஸ். நாடக விதி அது, ஒவ்வோர் ஆண்டும் மாறாது.

ஆனால் இதை முஸ்லிம் விரோதம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. மெக்சிக்கோவில் இத்தகைய நாடகங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1539இல் திலஷ்கலா நகரத்துப் பழங்குடி மக்கள் 'ஜெரூசலத்தின் வெற்றி' என்ற நாடகத்தை ஆடினார்கள். அதைப் பதிவுசெய்த மொத்தோலினியா என்ற துறவி, தோற்கும் சுல்தானுக்கு அவர்கள் வைத்த பெயர் கோர்த்தேஸ் என்று எழுதுகிறார். தங்களை வென்ற தளபதியை, அவர் உயிரோடு இருக்கும்போதே, மூர் மன்னனாக்கித் தோற்கடித்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஸ்பானியர் என்ன நினைத்தார்களோ. 2000இல் மெக்ஸ் ஹாரிஸ் என்ற ஆய்வாளர் இத்தகைய ஆட்டங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வெளியே ஒரு கதை நடக்க உள்ளே வேறொரு கதை ஒளிந்திருக்கும் என்பது அவர் வாதம். சக்காத்தேக்காஸ் மொரிஸ்மாவும் அந்நூலில் வருகிறது. மச்சானுக்குத் திலஷ்கலாக் கதையைச் சொன்னபோது, "அப்ப மோரோ என்டா ஆர்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

உண்மையான மோரோ ஒருவர் இந்த வடக்குப் பாலைவனத்தில் நடந்திருக்கிறார், சக்காத்தேக்காஸ் தோன்றுவதற்குப் பத்து வருடம் முந்தி. மொரோக்கோவின் அஸம்மூர் ஊரில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, 1528இல் புளோரிடாக் கரையில் இறங்கிய ஒரு ஸ்பானியப் படையோடு போனவர். முந்நூறு பேரளவில் உள்நாட்டுக்குள் புறப்பட்ட அந்தப் படையில் எட்டு வருடம் அலைந்து 1536இல் மெக்சிக்கோவின் ஸ்பானியப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் நான்கே பேர். அவர் அதில் ஒருவர். வழியெல்லாம் பழங்குடிகளோடு கதைத்து வழி கேட்டவர் அவர்தான் என்று கூட வந்த கபேசா தெ வாக்கா எழுதுகிறார். மற்ற மூவருக்கும் குடும்பப் பெயரும் பட்டமும் இருக்கின்றன. இவருக்கு எஸ்தேவானிக்கோ என்று எசமான்கள் வைத்த செல்லப்பெயர் மட்டும். 1539இல் மீண்டும் வடக்கே வழிகாட்டியாக அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். வாப்பா உம்மா வைத்த பெயர் எந்த ஆவணத்திலும் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மன்னன் உஸ்மானின் தலை விழுந்தது. அட்டையாலோ துணியாலோ செய்த தலை. அதை உயர்த்திப் பிடித்தபோது குன்று முழுக்க ஆரவாரம். நான் கைதட்டவில்லை, பக்கத்தில் நின்ற மூர்ப்படைக்காரர் பலரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலையும்போது ஓரிடத்தில் ஒரு குடும்பம் புல்லில் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சிவப்புத் தொப்பி போட்ட ஐம்பது வயதளவான ஒருவர், அவருக்குப் பக்கத்தில் கிறிஸ்தவப் படை உடுப்பில் அவர் மருமகன். எங்களையும் உட்காரச் சொன்னார்கள். நாகதாளிப் பழம் தந்தார்கள். மச்சான் மொழிபெயர்த்தார். ஏன் மூராக நடிக்கிறீர்கள், வெல்லும் பக்கம் போகலாமே என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வியே சரியாக விளங்கவில்லை. "நடிக்கவில்லை, நான் மோரோ" என்றார். தகப்பனும் மோரோ, தகப்பனின் தகப்பனும் மோரோ. சிறுவயதில் காய்ச்சலில் கிடந்தபோது தாய் யோவானுக்கு நேர்ந்துகொண்டாளாம், பிள்ளை பிழைத்தால் ஆண்டுதோறும் மோரோவாக நடப்பான் என்று. உடுப்பும் வீட்டில் இருந்ததாம்.

கைப்பையைத் திறந்து அந்தக் கடதாசியை எடுத்தேன். மச்சான் சிரிக்கத் தொடங்கிவிட்டார். 'மூர்' என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டி, "நானும் மோரோ. என் வாப்பாவும் மோரோ, அவர் வாப்பாவும் மோரோ. அரசாங்கமே எழுதித் தந்திருக்கிறது" என்றேன். மச்சான் அதை ஸ்பானியத்தில் சொன்னார். அவர் கடதாசியை வாங்கி, தூரப் பிடித்து, முத்திரையையும் கையெழுத்தையும் மரியாதையோடு பார்த்தார். மனைவிக்கும் காட்டினார். பிறகு திருப்பித் தந்துவிட்டு என்னவோ கேட்டார்.

"என்ன கேக்குறாரு?"

"எந்தப் படைப்பிரிவு என்டு கேக்குறாரு, மச்சான்."

இலங்கை என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்தப் பிரிவை இதுவரை பார்த்ததில்லை, அடுத்த வருடம் வருவதென்றால் பறை நீங்களே கொண்டுவர வேண்டும், தொப்பி மட்டும் வீட்டில் ஒன்று மேலதிகமாக இருக்கிறது என்றார்.